இடம் மாற்றப் போய் எண்ணைத் தொலைக்காதீர்கள்

ப்ரோகிராமில் ஒரு லிஸ்டில் (வரிசையாக வைத்த எண்களில்) இரண்டு எண்களை இடம் மாற்றுவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைத் தேடி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பைத்தான் 3 மொழியில் வேரியபிளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிக்கு, தமிழில் பெயர் வைக்கலாம். அதனால் கீழே இருப்பதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் தெரிந்த தவறு இது (சதுர அடைப்புக்குள் இருப்பது இன்டெக்ஸ், அதாவது இடத்தின் எண்; அது 0-லிருந்து தொடங்கும், எண்[0] என்றால் முதல் எண்):

எண் = [5, 8]
எண்[0] = எண்[1]
எண்[1] = எண்[0]

கிடைப்பது [8, 8]. நடு வரியிலேயே 5 அழிந்துவிட்டது. சி, ஜாவாவில் எழுதினால் அந்த 5-ஐ முதலில் வேறொரு வேரியபிளில் பத்திரப்படுத்த வேண்டும். பைத்தானில் ஒரே வரி போதும்:

எண்[0], எண்[1] = எண்[1], எண்[0]

வலப்பக்கம் முழுவதையும் கணக்கிட்டு முடித்த பிறகுதான் பைத்தான் இடப்பக்கத்தில் எழுத ஆரம்பிக்கும். இதுவரை சரி. ஆனால் இடப்பக்கத்தில் எழுதுவது ஒரே மூச்சில் நடப்பதில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நடக்கிறது. நான் மாட்டியது இங்கேதான்:

எண் = [1, 2, 0]
எண்[0], எண்[எண்[0]] = எண்[எண்[0]], எண்[0]

[2, 1, 0] வரும் என்று நினைப்போம். வருவது [2, 2, 1]. வலப்பக்கம் 2, 1 என்று சரியாகவே கணக்காகிறது. முதலில் எண்[0]-ல் 2 உட்காருகிறது. அடுத்து எண்[எண்[0]] எந்த இடம் என்று பார்க்கும்போது எண்[0] ஏற்கெனவே 2 ஆகிவிட்டது. எனவே 1 போய் விழுவது எண்[2]-ல். அங்கிருந்த 0 போயே போச்சு. எரரும் வராது, அதுதான் வயிற்றெரிச்சல். இன்டெக்ஸை முன்கூட்டியே எடுத்து வைத்தால் தொல்லை இல்லை:

இ = எண்[0]
எண்[0], எண்[இ] = எண்[இ], எண்[0]

கோ (Go) மொழியில், பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால், அந்தப் பழைய வரியே சரியாக ஓடும். எழுதத் தொடங்கும் முன்பே அது இடப்பக்க இன்டெக்ஸ்களையும் கணக்கிட்டுவிடுகிறது. ஒரு மொழியில் பழகிய கை இன்னொன்றில் ஏமாறுவது இப்படித்தான்.

மூன்றாவது வேரியபிள் இல்லாமல் எக்ஸார் (XOR, பிட்டுகளை ஒப்பிடும் கணக்கு) போட்டு மாற்றும் வித்தையை இன்டர்வியூவோடு விட்டுவிடுங்கள். இரண்டு இன்டெக்ஸும் ஒரே இடமாக அமைந்தால் அந்த இடத்தில் 0 மட்டும்தான் மிஞ்சும்.

லிஸ்டைக் குலுக்கிப் போடும்போது இடம் மாற்றும் வரி சரியாகவே இருக்கும். யாரோடு மாற்றுகிறோம் என்பதில் கோளாறு வரும். 3 எண்கள் இருக்கும்போது ஒவ்வோர் இடமாகப் போய், ஒவ்வொரு முறையும் மூன்றிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் மொத்தம் 3 × 3 × 3 = 27 வழிகள். ஆனால் வரிசைகள் 6-தான். 27 ஆறால் வகுபடாது. ஆக, சில வரிசைகள் மற்றவற்றைவிட அடிக்கடி வந்தே தீரும். நிற்கும் இடத்திலிருந்து கடைசி வரை உள்ளவற்றில் மட்டும் தேர்ந்தெடுத்தால் 3 × 2 × 1, சரியாக 6.