பதிவெண்: கல்லூரியில் உங்கள் எண் எது, அதை எங்கே தேடுவது, எப்படிப் பயன்படுத்துவது

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மன்னார்குடியிலோ ஒரு கல்லூரி அலுவலகத்தின் சன்னலருகே சிறிது நேரம் நின்றால், ஒரே உரையாடல் திரும்பத் திரும்பக் காதில் விழும். "நம்பர் சொல்லும்மா" என்று உள்ளிருந்து கேட்பார்கள். மாணவி கைப்பேசியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். "அது அப்ளிகேஷன் நம்பர்மா, ரெஜிஸ்டர் நம்பர் சொல்லு" என்பார்கள். அடுத்து வகுப்பில் வருகைப்பதிவுக்குக் கூப்பிடும் எண் வரும். அதுவும் இல்லை என்றானதும், நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்த அந்தப் பெண் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவார். அறியாமை என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற ஒருவருக்கு இத்தனை எண்களையும் யாரும் பிரித்துச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் காரணம். அந்தக் குறையைப் போக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த எண் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது கிடைத்தது விண்ணப்ப எண். கலந்தாய்வு முடிந்து இடம் கிடைத்ததும் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். கல்லூரியில் சேர்ந்த அன்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படுவது சேர்க்கை எண். படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது அலுவலகம் தேடுவது இதைத்தான். வகுப்பில் அழைக்கப்படும் வரிசை எண்ணுக்கு அந்தத் துறைக்கு வெளியே மதிப்பு இல்லை. இவை மூன்றிலிருந்தும் வேறானது பதிவெண். சேர்க்கை முடிந்த பின் கல்லூரி தன் மாணவர் பெயர்ப்பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்டு வருவதே பதிவெண். ஆகவே கல்லூரி திறந்த முதல் சில வாரங்களில் அது உங்களிடம் இல்லாமல் இருப்பது இயல்பு, பதற்றப்பட வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கல்லூரியின் தேர்வுப் பிரிவே அந்த எண்ணைக் கொடுத்துவிடும். கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றவை. அங்கே தேர்வும் முடிவும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

பதிவெண்ணைத் தேடுவதற்கு நம்பகமான இடம் தேர்வு நுழைவுச்சீட்டு, அதாவது எல்லோரும் ஹால் டிக்கெட் என்று சொல்வது. முதல் பருவத் தேர்வுக்கு முன் எண் வேண்டுமென்றால் துறை அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டியலையோ, தேர்வுக் கட்டணம் கட்டிய ரசீதையோ பாருங்கள். அடையாள அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல கல்லூரிகளில் அட்டை அச்சாகும் நேரத்தில் பதிவெண் வந்திருக்காது, அதனால் சேர்க்கை எண்ணை அச்சிட்டிருப்பார்கள். முதல் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும், அதிலுள்ள எண்ணும் ஹால் டிக்கெட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

சில எண்களுக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருள் தெரிந்தால் பிழையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பதிவெண் 12 இலக்கம். முதல் நான்கு கல்லூரியைக் குறிக்கும், அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அதற்கடுத்த மூன்று பாடப்பிரிவு, கடைசி மூன்று மாணவரின் வரிசை. பாடப்பிரிவு இடத்தில் 104 இருந்தால் கணினி அறிவியல், 106 இருந்தால் மின்னணுவியல் தொடர்பியல், 114 இருந்தால் இயந்திரவியல். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்குக் கடைசி மூன்று இலக்கம் 3 என்று தொடங்கும். வேறு சில பல்கலைக்கழகங்களில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அங்கே ஆங்கில ஓ எழுத்தையும் பூச்சியத்தையும், ஐ எழுத்தையும் ஒன்றையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். இணையத்தில் முடிவு பார்க்கும்போது "தகவல் இல்லை" என்று வந்தால், மனம் உடைவதற்கு முன் இந்த இரண்டையும் மாற்றித் தட்டிப் பாருங்கள்.

தேர்வறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த எண்ணின் உண்மையான எடை அங்கேதான் தெரியும். விடைத்தாளின் முகப்பில் நீங்கள் பதிவெண் எழுதும் பகுதி, தேர்வு முடிந்தபின் தனியே கிழிக்கப்படும் அல்லது மறைக்கப்படும். திருத்தும் ஆசிரியருக்கு யாருடைய தாள் என்று தெரியக்கூடாது என்பதற்காக அதற்கு டம்மி எண் என்னும் மாற்று எண் இடுவார்கள். மதிப்பெண் போட்டு முடிந்தபின், கிழித்த துண்டையும் தாளையும் மீண்டும் சேர்த்துத்தான் அந்த மதிப்பெண் உங்கள் பெயருக்கு வருகிறது. அந்தச் சிறு துண்டில் உங்கள் பெயர் இருக்காது, துறை ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்து பழக்கம் என்பதும் அங்கே உதவாது. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எண் மட்டுமே உங்களுக்காகப் பேசும். ஆகவே கேள்வித்தாள் வருவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தை இதற்கே செலவழியுங்கள். கட்டத்துக்கு ஓர் இலக்கமாக, ஹால் டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் பார்த்தே எழுதுங்கள். 1-க்கும் 7-க்கும், 4-க்கும் 9-க்கும் வேறுபாடு தெரியும்படி எழுதுங்கள். வட்டத்தைக் கருமையாக்கச் சொல்லியிருந்தால், மேலே எழுதிய இலக்கமும் கீழே நிரப்பிய வட்டமும் ஒன்றுதானா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். அடித்துத் திருத்த நேர்ந்தால் நீங்களாகத் திருத்தாமல் அறைக் கண்காணிப்பாளரிடம் காட்டி அவருடைய கையொப்பம் பெறுங்கள்.

நான் கண்காணிப்பாளராக இருந்த ஒரு நவம்பர் தேர்வில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவர் முழுக்க நனைந்து வந்தார். ஹால் டிக்கெட்டை உரப்பையின் உள்தாளில் சுற்றித்தான் வைத்திருந்தார். ஆனாலும் மடிப்பு வழியாக நீர் புகுந்து கடைசி நான்கு எண்கள் நீலமாகக் கரைந்து பரவியிருந்தன. நினைவிலிருந்து எழுதினார், நடுவில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன, நானும் கவனிக்கவில்லை. முடிவு வந்தபோது அந்தத் தாளுக்கு நேரே அவர் வரவில்லை என்று இருந்தது. அவரைக் காப்பாற்றியது வருகைத்தாள்: அதில் அவர் போட்ட கையெழுத்தும், பக்கத்தில் எழுதப்பட்ட விடைத்தாள் தொடர் எண்ணும் இருந்ததால், தாளைத் தேடி எடுத்து மதிப்பெண்ணைச் சேர்க்க முடிந்தது. ஆனால் அதற்கு அடுத்த பருவம் பாதி கடந்துவிட்டது. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு மாணவரின் முகப்புத் தாளையும் ஹால் டிக்கெட்டோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுகிறேன். நீங்களும் வருகைத்தாளில் கையெழுத்திடும்போது விடைத்தாள் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஹால் டிக்கெட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையும் பருவத் தேர்வும் சேர்ந்தேதான் வரும்.

இனி பணம் சம்பந்தப்பட்ட எண்கள். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல், தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு யூமிஸ் எண் உண்டு; கல்லூரி மாணவர்களின் விவரங்களை அரசு சேர்த்து வைக்கும் தளத்தின் எண் அது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்துக்கும், 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் கல்லூரி உங்களை யூமிஸ் வழியாகத்தான் பதிவு செய்கிறது. மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரவேண்டுமென்றால் பள்ளி விவரமும் கல்லூரி விவரமும் ஒன்றாக இணைய வேண்டும். ஆகவே சேர்க்கையின்போதே எமிஸ் எண்ணை எழுதி எடுத்துச் செல்லுங்கள். படித்த பள்ளியில் கேட்டால் தருவார்கள். யூமிஸ் எண்ணைக் கல்லூரியில் அதற்கென்று பொறுப்பிலுள்ள ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம். தோழிகளுக்குப் பணம் வந்து உங்களுக்கு வரவில்லையென்றால் யூமிஸில் உங்கள் பதிவு முடிந்திருக்கிறதா, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்னும் இரண்டையும் முதலில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் தளத்தில் நுழைவதற்கு எந்த எண் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஏபிசி எண் என்று 12 இலக்கத்தில் ஒன்று உண்டு. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்னும் ஒன்றிய அரசின் ஏற்பாட்டில் நீங்கள் பெறும் தகுதிப் புள்ளிகளை, அதாவது கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண் இது. டிஜிலாக்கர் செயலியில் ஆதாரைக் கொண்டு நீங்களே உருவாக்கலாம். நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியா பல்கலைக்கழகமா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா எண்களையும் சிக்கவைப்பது பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், அல்லது ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக, பெயரில் ஆங்கில எச் எழுத்து ஒன்று கூடுதலாக என்று பலவிதமாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் வகுப்பில் அதைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரமாகக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிடும் தாள் அது. அதிலுள்ள உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் திருத்திவிடலாம். பட்டம் அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பமும் கட்டணமும் அலைச்சலும் உண்டு.

பதிவெண் இரகசியமல்ல என்றாலும், பிறந்த தேதியோடு சேர்ந்தால் அது சாவியாகிவிடும். பல தளங்களில் அவ்விரண்டும் போதும், உங்கள் மதிப்பெண் திறந்துவிடும். ஹால் டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நெட் சென்டரில் பதிவிறக்கிய கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். ஓடிபி எண்ணைக் கேட்டு வரும் அழைப்புக்கு, கல்லூரியிலிருந்து என்று சொன்னாலும், எதுவும் தராதீர்கள்.

படிப்பை முடித்துப் பல ஆண்டு கழித்துத் தேடுபவர்கள் பழைய மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் பாருங்கள், அவற்றில் பெரும்பாலும் பதிவெண் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த இரவில் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கூரை பறந்த வீடுகளில் இந்தத் தாள்களும் நனைந்தன. அப்படி எதுவும் மிஞ்சாதவர்களுக்கும் வழி உண்டு: படித்த கல்லூரியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, அங்கிருந்து பதிவெண்ணைக் கண்டுபிடித்து, நகல் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கலாம். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது 1982-இல். அதற்கு முன் தஞ்சை, திருச்சிப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. அக்காலத்தில் பட்டம் பெற்ற பெரியவர்கள் விண்ணப்பத்தை அங்கேதான் அனுப்ப வேண்டும். கல்லூரி அலுவலகத்துக்குப் போகும்போது பெயரை மட்டும் சொல்லி நிற்காமல், சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, தந்தை பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழைய பதிவேடுகள் ஆண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும், ஆண்டு தெரிந்தால் எந்தக் கட்டைப் பிரிப்பது என்று அலுவலக ஊழியருக்குத் தெரிந்துவிடும்.