ஓடிவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்: ஆர்-இல் மலையகத் தரவை அலசும்போது நடக்கும் தவறுகள்

கொட்டகலையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, கம்பஸ் கடைசி வருட ஆய்வுக்காக ஆர் (R) என்ற புள்ளிவிவர நிரல்மொழியில் போட்ட அட்டவணையைப் போன மாதம் அனுப்பியிருந்தாள். ஊர்வாரியாகக் குடும்பங்களை எண்ணும் அட்டவணை. அதில் கொட்டகலை இரண்டு தடவை வந்திருந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனாலும் ஆர் அதை இரண்டு ஊராகவே எண்ணியிருந்தது. எச்சரிக்கை ஒரு வரி கூட வரவில்லை.

நான் பயப்படுவது இந்த மாதிரித் தவறுக்குத்தான். ஓடாத நிரலை யாரிடமாவது கேட்டுத் திருத்திவிடலாம். ஓடி முடித்துப் பிழையான எண்ணைத் தருகிற நிரல் ஆய்வறிக்கையின் முடிவுரை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கொட்டகலை விஷயம் இதுதான். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு 'ொ' என்ற ஒரே குறி வரலாம், இல்லாவிட்டால் 'ெ' தனியாகவும் 'ா' தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அவள் பாதிப் பெயர்களைக் கைபேசியில் தட்டியிருக்கிறாள், மீதியைப் பழைய பாமினி எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி எடுத்திருக்கிறாள். பொகவந்தலாவை, நோர்வூட், தோட்டம், கொழுந்து என்று ஒகர ஓகாரம் வருகிற எந்தச் சொல்லிலும் இது நடக்கலாம். ஸ்ட்ரிங்ஐ (stringi) என்ற ஆர் தொகுப்பில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றும் கட்டளை இருக்கிறது, தமிழ் இருக்கிற பத்திகள் எல்லாவற்றையும் முதலிலேயே அதற்குள் ஒருமுறை போட்டு எடுங்கள், சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் அப்போதே வெட்டிவிடுங்கள். எழுத்தை எண்ணும்போதும் கவனம்: 'தமிழ்' என்பதற்கு ஆர் 5 என்று சொல்லும், ஏனென்றால் அது 'ி' குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது.

தமிழ் எழுத்தெல்லாம் கோண அடைப்புக்குள் குறியீட்டு எண்ணாக வந்து நிற்கிறதா? விண்டோஸில் ஆர் 4.2.0-க்கு முந்தியது இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கம் ஆனது. அதற்கு விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும், 32-பிட் ஆதரவையும் அதோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே அண்ணாவிடமிருந்து கைமாறி வந்த பழைய லேப்டொப்பாக இருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். எக்செலில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி-யைத் தெரிவுசெய்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அந்தக் கேள்விக்குறியிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள்.

அப்புறம் செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வேலைநாள் பதிவேடு. தோட்டத்துச் செக்ரோலை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அரைப் பேர் (அரை நாள் வேலை) போட்ட நாளுக்கு 1/2 என்று எக்செலில் தட்டினால் அது உடனே திகதியாகிவிடும். நம் ஊர் அமைப்பில் பெப்ரவரி 1. அது 2024-ஆம் ஆண்டாக இருந்தால் உள்ளே இருக்கிற எண் 45323. அந்தப் பத்தியை எண்ணாக மாற்றிச் சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. மனித மரபணுக்களின் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்க் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. நாம் செய்ய வேண்டியது 0.5 என்று தட்டுவதுதான்.

வெற்றுக் கட்டம் இதைவிட ஆழமான பிரச்சினை, இதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் வழுக்குகிறார்கள். சராசரி என்.ஏ. (NA, மதிப்பு இல்லை) என்று வந்ததும் 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' (na.rm = TRUE) என்று போட்டு வெற்றுக் கட்டங்களை விலக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். மழை அளக்கும் பதிவில் கட்டம் வெறுமையாக இருந்தால் அன்றைக்கு யாரும் அளக்கவில்லை, மழையே பெய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. செக்ரோலில் வெறுமையாக இருந்தால் கொழுந்து பறிக்கிற அக்கா அன்றைக்கு மலைக்குப் போகவில்லை, அவள் கொழுந்து பூச்சியம். ஒருவர் 25 நாளில் 20 நாள் போய் 360 கிலோ எடுத்தார் என்று வைப்போம். வெற்றுக் கட்டத்தைத் தூக்கிவிட்டால் நாளுக்கு 18 கிலோ, பூச்சியமாக எடுத்தால் 14.4. முதலாவது, வேலைக்குப் போன நாளில் அவர் எவ்வளவு பறிக்கிறார் என்பது. இரண்டாவது, அந்த மாதத்தில் அவர் கையில் என்ன வந்திருக்கும் என்பதற்குப் பக்கத்தில் இருப்பது. வருமானம் பற்றிய ஆய்வில் 18-ஐ எழுதினால் அந்த வீட்டின் நிலைமையையே மாற்றி எழுதுகிறீர்கள். எது வேண்டும் என்பதை ஆர் சொல்லாது, கணக்கப்பிள்ளையிடமோ பறிக்கிற அம்மாவிடமோ கேட்டால்தான் தெரியும்.

சிரேஷ்ட மாணவர்களிடமிருந்து வாங்கிய பழைய நிரலை அப்படியே ஓட்டுவதும் இப்படித்தான். 2020-இல் வந்த 4.0.0-க்கு முன்னால், தரவை வாசிக்கும்போது சொல் வருகிற பத்தியை ஆர் தானாகவே ஃபேக்டர் (ஒவ்வொரு வேறுபட்ட மதிப்புக்கும் ஒரு வரிசை இலக்கம் கொடுத்து வைக்கும் வகை) ஆக்கும். எண்களுக்கு நடுவே ஒரு கோடு, ஒரு 'இல்லை' இருந்தால் போதும், முழுப் பத்தியும் ஃபேக்டர். அதை நேரே எண்ணாக மாற்றினால் கிலோ வராது, வரிசை இலக்கம் 1, 2, 3 என்று வரும். நானே ஒரு தடவை அந்த வரிசை இலக்கங்களைக் கிலோ என்று நம்பி வரைபடம் வரைந்து கொடுத்திருக்கிறேன், பிழை தெரிந்தபோது அறிக்கை போய்விட்டது, அது இன்றும் மனசை உறுத்துகிறது. புதிய பதிப்பில் அதே பத்தி வெறும் சொல்லாக இருக்கும், மாற்றும்போது அந்த இடம் என்.ஏ. ஆகும், எச்சரிக்கையும் வரும். அந்த எச்சரிக்கையை மறைத்துவிடாதீர்கள்.

சரி, சின்னது ஒன்று. 4.1.0-இல் |> (ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் குறி) வந்துவிட்டது என்று அதே வேலை செய்யும் பழைய %>% எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றாதீர்கள். பழையதில் புள்ளி போட்ட இடத்தில் புதியது அடிக்கோடு கேட்கும், அதுவும் 4.2.0-இலிருந்து, சாதாரணமாகப் பெயர் குறித்த உள்ளீட்டில் மட்டும். நுவரெலியா மாவட்ட வரைபடம் போடுகிற பழைய நிரல் ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற தொகுப்புகளைக் கேட்டால், அவை 2023 ஒக்டோபரில் ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான கிரானிலிருந்து (CRAN) எடுக்கப்பட்டுவிட்டன. அதற்காகப் பழைய ஆர்-ஐத் தேடிப் போட வேண்டாம், எஸ்எஃப், டெரா இரண்டுக்கும் மாறுங்கள். தற்செயல் மாதிரி எடுக்கிறவர்களுக்கு: 2019-இல் வந்த ஆர் 3.6.0, மாதிரி எடுக்கும் முறையை மாற்றியது, ஒரே விதை எண் (தற்செயல் தெரிவைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தாலும் அதற்கு முந்திய பதிப்பில் வேறு வீடுகள் தெரிவாகலாம். அறிக்கையில் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள், தொகுப்புகளின் பதிப்பு மாறாதபடி ரென்வ் (renv) கொண்டு பூட்டி வையுங்கள்.

கடைசியாக, இரண்டு அட்டவணைகளை இணைப்பது. குடும்ப அட்டவணையிலும் தோட்ட அட்டவணையிலும் ஒரே பெயர் பல தடவை இருந்தால், இணைத்த பிறகு வரிகள் பெருகிவிடும். அட்டவணைகளை இணைக்க உதவும் டீப்ளையர் (dplyr) தொகுப்பு, 2023-இல் வந்த 1.1.0-இலிருந்து இதற்கு எச்சரிக்கை தருகிறது, முன்பு சும்மாவே பெருக்கிக் கொடுத்துவிடும். அதனால் இணைக்க முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள். தங்கச்சியின் தரவில் பெயரைச் சரிசெய்த பிறகு கொட்டகலை ஒரே வரியாக வந்தது. ஆனால் இணைத்தபோது குடும்பங்கள் கூடியிருந்தன, பார்த்தால் தோட்ட அட்டவணையிலும் கொட்டகலை இரண்டு தடவை, இந்த முறை உண்மையாகவே இரண்டு பிரிவுகள்.