பால் புகட்டும் முறையைப் பிரசவத்துக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்
பால் போதவில்லையோ என்ற அச்சமே பல தாய்மார்களைப் புட்டிப்பாலை நாட வைக்கிறது என்பதால், ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே பாலூட்டும் முறையைப் பொம்மையை வைத்துச் செய்து காட்டும்படி செவிலியரிடம் கேளுங்கள். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். மோவாய் மார்பில் பதிய வேண்டும். வலி நீடித்தால், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து மெல்ல விடுவித்து, மீண்டும் பொருத்துங்கள். முதல் நாள்களில் சீம்பால் சிறிதளவே சுரப்பதும், குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பதும் இயல்பே. முதல் வாரம் முடியும்போது நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது என நம்பலாம். பேறுகாலத்தில் உடனிருக்கப்போகும் அம்மாவையோ மாமியாரையோ அந்தப் பரிசோதனைக்கு அவசியம் அழைத்துச் செல்லுங்கள். "பாலே இல்லை, பவுடர் கரைத்துக் கொடு" என்ற பேச்சு பெரும்பாலும் அக்கறையோடு அவர்களிடமிருந்தே வருகிறது.