நிலநடுக்கத்துக்குப் பிறகு: உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். உதவிக்கு நீண்ட கைகளுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் சில தவறுகளை ஒவ்வொரு பேரிடரிலும் பார்க்கிறோம்.

முதல் தவறு, வீட்டில் இருக்கும் பழைய துணியை மூட்டை கட்டி அனுப்புவது. காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. நிவாரண விமானங்களின் பாரத்தில் அதுவும் சேதமாகி, மே தொடக்கத்தில் பெரிய விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. யாரும் கேட்காத மூட்டை ஒன்று இறங்கினால் மருந்துப் பெட்டி ஒன்று காத்திருக்கும். பணமாகக் கொடுங்கள். உள்ளூர்க் கடைக்காரரும் அப்போதுதான் எழுந்து நிற்பார்.

பயிற்சி இல்லாமல் நேரில் கிளம்புவதும் வேண்டாம். அங்கே இருக்கும் கொஞ்சம் தண்ணீரிலும் சோற்றிலும் நமக்கும் பங்கு போகும்.

விரிசல் விட்ட வீட்டுக்கு அவசரப்பட்டுத் திரும்புவது உயிரையே பறிக்கும். மே 12 அன்று 7.3 அளவில் மறுபடியும் அதிர்ந்ததே! பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை வெளியே இருப்பதுதான் சரி.

அப்புறம், கூடாரம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பது. ஜூனில் மழை தொடங்கிவிடும். மலைக் கிராமங்களுக்குத் தகரம்தான் பெரிய உதவி. இப்போது மூங்கில் மேல் கூரையாகும், நாளைக்குப் புது வீட்டுக்கும் அதையே போடலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வீடு கட்டும் விஷயம். 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நகரக் குடியிருப்பு போல நேர்நேராகத் தெருக்கள். மாட்டைக் கட்டவும் தானியத்தைக் கொட்டவும் இடம் வேண்டிய விவசாயிக்கு அது எப்படிப் பொருந்தும்? 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலானோர் தவணையாக வந்த அரசுப் பணத்தில், பொறியாளரின் மேற்பார்வையில், பழைய இடத்திலேயே தாங்களே கட்டிக்கொண்டார்கள். நேபாளமும் இதே வழியில் மூன்று தவணைகளில் 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. ஆனால் விலைவாசிக்கு அது போதவில்லை. பலர் ஒற்றை அறையோடு நிறுத்திக்கொண்டார்கள். லால்புர்ஜா என்ற நிலப் பத்திரம் இல்லாதவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும் உதவி பெறப் படாதபாடு பட்டார்கள். தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுக்கும் முன், பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.