பஃபர் பகிர்வு: கிராஃபிக்ஸ் டிரைவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

புதுச்சேரியில் லினக்ஸ் பழக வரும் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: "அண்ணா, கேமரா படம் வருது. ஆனா சாய்வா, கோடு கோடா வருது." இன்னொருவர் மடிக்கணினியில் அதே படம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறிக் கிடக்கும். இரண்டு பேரும் தங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். பல நேரம் பிழை வேறு இடத்தில் இருக்கும். செயலி கேட்க வேண்டியதைக் கேட்டிருக்காது, அல்லது டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பாதிப் பதிலோடு நிறுத்தியிருக்கும்.

கேமரா, வீடியோ டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரிப்பது), ஜிபியு (படம் வரையும் சிப்பு), திரை என ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். 1920×1080 படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், ஏறக்குறைய 8.3 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி. இதை ஒவ்வொரு இடத்திலும் நகல் எடுத்தால் பேட்டரி தாங்காது. அதற்காக 2012-ல் லினக்ஸ் 3.3-ல் வந்ததுதான் டிஎம்ஏ-பஃப் என்ற பகிர்வு முறை. படம் இருக்கும் நினைவகப் பகுதி, அதாவது பஃபர், ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக, அதாவது வெறும் ஒரு எண்ணாக, கைமாறுகிறது. அந்த எண்ணில் படத்தின் அகலமோ, நிற அமைப்போ, பிக்சல்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதோ கிடையாது. அதையெல்லாம் செயலிதான் தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 1: டெபியன், உபுண்டுவில் டிஆர்எம்-இன்ஃபோ, மெசா-யூடில்ஸ், வல்கன்-டூல்ஸ், வேலாண்ட்-யூடில்ஸ் ஆகிய தொகுப்புகளை நிறுவிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான்.

படி 2: டெர்மினலில் டிஆர்எம்-இன்ஃபோ கருவியை ஓட்டுங்கள் (கட்டளையில் நடுவே வருவது அடிக்கோடு). மேலே 'டிஆர்எம்-கேப்' (டிரைவரின் திறன்) என்று ஆரம்பிக்கும் வரிகளில் 'பிரைம்' என்ற வரியைப் பாருங்கள். 1 என்றால் பிறர் பஃபரை வாங்கத் தெரியும், 2 என்றால் தன் பஃபரைக் கொடுக்கத் தெரியும், 3 என்றால் இரண்டும். பழைய நிரல்கள் இந்த 3-ஐப் பார்த்ததும் எல்லாம் சரி என்று கிளம்பிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.6 பதிப்பிலிருந்து எல்லா டிரைவருக்கும் இது 3 என்றே வருகிறது. கடலூர் முதுநகர் சாப்பாட்டுக் கடை வாசலில் 'சாப்பாடு தயார்' பலகை தொங்குவது மாதிரிதான் இது. கடை திறந்திருக்கிறது என்று தெரியும், வஞ்சிரம் இருக்கிறதா என்று உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும்.

படி 3: நிஜமான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது, அவசரப்படாதீர்கள். ஜிபியு பெரும்பாலும் படத்தை வரிவரியாக வைப்பதில்லை. இன்டெல் சிப்பின் எக்ஸ்-டைல் முறையில் 512 பைட் அகலம், 8 வரி உயரம் கொண்ட 4 கேபி கட்டங்களாகப் படம் வெட்டி வைக்கப்படுகிறது. அந்த அடுக்குமுறையின் பெயர்தான் மாடிஃபையர். அது 64 பிட் எண். மேல் 8 பிட்டில் தயாரிப்பாளர் அடையாளம் இருக்கும். இன்டெலுக்கு 1, ஏஎம்டிக்கு 2, என்விடியாவுக்கு 3. வெறும் 0 என்றால் லீனியர், அதாவது சாதாரண வரிவரி முறை. எழுதுபவர் டைல் முறையில் எழுதி, படிப்பவர் லீனியர் என்று நினைத்துப் படித்தால் கட்டம் கட்டமாகச் சிதறும்.

டிஆர்எம்-இன்ஃபோ வெளியீட்டில் ஒவ்வொரு பிளேனுக்கும் (திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பட அடுக்கு) கீழே பெரும்பாலும் 'இன்-ஃபார்மட்ஸ்' என்றொரு பண்பு இருக்கும். எந்த நிற அமைப்பு எந்த மாடிஃபையரோடு சேர்ந்து வேலை செய்யும் என்ற ஜோடிப் பட்டியல் அது. முதன்மைப் பிளேனையும் கர்சர் பிளேனையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பட்டியல் வேறுபடலாம். என் கருத்தில் டிரைவர் பதில் சொல்ல வேண்டிய முறை இதுதான்: மொத்தமாக 'முடியும்' என்று சொல்லாமல், ஜோடி ஜோடியாக, இடம் இடமாகச் சொல்வது.

படி 4: திரை டிரைவர் சரி என்றாலும் வரையும் பக்கம் சரியா என்று தனியாகக் கேட்க வேண்டும். இஜிஎல் (வரையும் நூலகத்தைத் திரையோடு இணைக்கும் இடைமுகம்) பற்றிச் சொல்லும் இஜிஎல்-இன்ஃபோ கருவியில் டிஎம்ஏ-பஃப் இம்போர்ட் என்ற எக்ஸ்டென்ஷனும் (கூடுதல் வசதி), மாடிஃபையர்ஸ் என்று முடியும் அதன் துணையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துணை இருந்தால் செயலி முதலில் நிற அமைப்புகளையும், பிறகு ஒவ்வொன்றுக்கும் மாடிஃபையர்களையும் கேட்கலாம். கூடவே 'எக்ஸ்டர்னல் ஒன்லி' என்று ஒரு குறியும் வரும். அது இருந்தால் அந்தப் பஃபரை வெளி டெக்ஸ்ச்சராக, அதாவது ஜிபியு எடுத்துப் பயன்படுத்தும் படமாக, படிக்க மட்டும்தான் முடியும், அதன் மேல் வரைய முடியாது. கேமராவுக்குப் போதும், திரைப் பதிவு செயலிக்குப் போதாமல் போகலாம்.

ஜிபியுவிடம் வேலை வாங்கும் இன்னொரு இடைமுகமான வல்கன் இன்னும் நுணுக்கம். நிற அமைப்பு, மாடிஃபையர், பயன்பாடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்க முடியுமா, கொடுக்க முடியுமா, தனி நினைவக ஒதுக்கீடு வேண்டுமா என்று தனித்தனியாகச் சொல்கிறது.

படி 5: கொடுப்பவர் பட்டியல், வாங்குபவர் பட்டியல் இரண்டிலும் பொதுவாக இருப்பதை எடுத்து, அந்தப் பட்டியலை முழுசாக ஒதுக்கீட்டாளரிடம் (பஃபருக்கு நினைவகம் ஒதுக்கும் நிரல்) கொடுங்கள். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது எதை எடுத்தது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள். 'இன்வாலிட்' என்றொரு மாடிஃபையர் வரும். அடுக்குமுறை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்று அர்த்தம். ஒரே ஜிபியுக்குள் அது ஓடலாம், இரண்டு ஜிபியுக்களுக்கு நடுவே அதை நம்பாதீர்கள்.

படி 6: இப்போது அந்தச் சாய்வுக் கோடுகள். 1366 பிக்சல் அகலத் திரையில் ஒரு வரி 5464 பைட். இன்டெல் பக்கம் 64-ன் மடங்கு வேண்டும் என்றால் ஒரு வரி 5504 ஆகும். ஏஎம்டி சிப்புகள் பலவற்றில் 256-ன் மடங்கு வேண்டும், அப்போது 5632. வரியின் இந்த உண்மையான நீளத்தை, அதாவது ஸ்ட்ரைடை, செயலி தானாகக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் படம் சாய்கிறது. ஒதுக்கியவரிடம் கேட்டு வாங்கினால் சாய்வு போய்விடும். ஆனால் 5504 ஸ்ட்ரைடோடு வரும் லீனியர் பஃபரை மற்ற சிப்பு மறுத்தால் என்ன செய்வது? மாடிஃபையர் இரண்டு பக்கமும் 0 தான், பட்டியல் அச்சாகப் பொருந்துகிறது, வேலை மட்டும் நடக்காது. இந்த நிபந்தனையை மாடிஃபையர் பட்டியல் சொல்வதே இல்லை. டிரைவர் எழுதுபவர்கள் இதையும் கேள்வி-பதிலாகத் திறந்து வைக்க வேண்டும் என்பேன்.

படி 7: அதுவரை முயன்று பார்ப்பதே வழி. செயலி தொடங்கும்போதே ஒரு பஃபரை ஒதுக்கி, மறுபக்கம் இறக்குமதி செய்து பாருங்கள். நேரடியாகத் திரைக்கு அனுப்புவதானால் அட்டாமிக் கமிட்டில் (திரை மாற்றங்களை ஒரே மொத்தமாக அனுப்பும் முறை) 'டெஸ்ட் ஒன்லி' கொடி இருக்கிறது. திரையைத் தொடாமல் முடியுமா என்று மட்டும் சொல்லும். தோற்றால் நகல் எடுக்கும் வழிக்கு மாறி, லாகில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்களிடம் ஒரே ஜிபியு உள்ள மடிக்கணினிதான் இருக்கிறதா? விகேஎம்எஸ் என்ற கெர்னல் மாட்யூலை மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றுங்கள். நிஜத் திரை இல்லாத இரண்டாவது கருவி ஒன்று டிஆர்எம்-இன்ஃபோவில் தோன்றும். உங்கள் ஜிபியுவின் பட்டியலையும் அதன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்தாம் படியை அதன் மேல் செய்து பாருங்கள்.