வேறு ஏர்லைனுக்கு மாறலாமா? பைலட் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

போட்டி நிறுவனம் மணிக்கு 25 சதவீதம் கூடுதலாகத் தருகிறது என்று கேள்விப்பட்டதும், பலர் சம்பளப் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: கேப்டன் இருக்கை எந்த ஆண்டில் கிடைக்கும்? அடுத்த பத்தாண்டு வருமானத்தை அதிகம் அசைப்பது அந்தத் தேதிதான். அதே சமயம், வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மிகத் தாராளமாகச் சொல்வதும் அந்தத் தேதியைத்தான்.

பத்தாண்டுக் கணக்கு

பண மதிப்பை விட்டுவிட்டு வெறும் அலகில் பார்ப்போம். இப்போதைய நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 100, கேப்டனுக்கு 170. கேப்டன் ஆவதற்கு இன்னும் 2 ஆண்டு. புதிய நிறுவனத்தில் 125, 190. ஆனால் கேப்டன் ஆவதற்கு 6 ஆண்டு. ஆண்டுக்குச் சம்பளம் கிடைக்கும் மணி இரண்டிலும் 800 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேயே இருந்தால்: 2 ஆண்டு × 800 × 100 = 1,60,000. மீதி 8 ஆண்டு × 800 × 170 = 10,88,000. மொத்தம் 12,48,000.

மாறினால்: 6 × 800 × 125 = 6,00,000. மீதி 4 × 800 × 190 = 6,08,000. மொத்தம் 12,08,000.

இரண்டு பதவியிலும் கூடுதலாகத் தரும் நிறுவனத்துக்குப் போய், பத்தாண்டில் 40,000 குறைவாக வாங்குகிறீர்கள். இதில் டிரெய்னிங் மாதங்கள் சேரவில்லை. டைப் ரேட்டிங் (அந்த விமான வகைக்கான தகுதி), லைன் டிரெய்னிங் (பயிற்சியாளரோடு பயணிகள் விமானத்தில் பறப்பது) முடிந்து ரிலீஸ் ஆகும் வரை பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். மணிக்கணக்குப் பணம் கிடையாது.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். இங்கே கேப்டனாக 2 ஆண்டு இல்லை, 3 ஆண்டு ஆகும் என்றால் மொத்தம் 11,92,000 ஆகிவிடுகிறது; மாறுவதே லாபம். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 2 ஆண்டு எட்டரை மாதம். ஆக, முடிவு முழுவதும் அந்த ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. உங்கள் சம்பள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, சமமாகும் இடம் எங்கே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு, அந்தத் தேதிக்கு முன்னால் கேப்டன் ஆவேனா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடினால் போதும்.

பத்தாண்டு உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேச வணிகச் சேவையில் வயது வரம்பு 65. 58 வயதில் மாறுபவருக்கு ஏழே ஆண்டுதான் கணக்கு.

கேப்டன் தேதியை நீங்களே கணக்கிடுவது எப்படி

நேர்முகத் தேர்வில் சொல்லும் "மூன்று ஆண்டில் அப்கிரேட்" என்பதை, அதாவது கேப்டனாக உயர்த்துவோம் என்பதை, எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு விஷயங்களைத் திரட்டுங்கள்.

முதலாவது, நிகர விமான எண்ணிக்கை. ஆர்டர் செய்த எண்ணிக்கை உதவாது. ஆண்டுதோறும் வந்து சேருவதிலிருந்து குத்தகை முடிந்து திரும்பிப் போவதைக் கழித்தால் வருவதே கணக்குக்கு ஆகும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில் இது இருக்கும். குறைந்த தூரம் பறக்கும் ஏ320, 737 போன்ற விமானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கேப்டன்கள் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட தூர விமானத்துக்கு இதைவிட அதிகம். ஒரே பயணத்துக்கு மூன்று, நான்கு விமானிகள் போகிறார்கள்.

இரண்டாவது, ஓய்வு பெறுபவர்கள். சீனியாரிட்டி பட்டியலில் (விமானிகள் சேர்ந்த வரிசைப் பட்டியல்) பிறந்த ஆண்டு இருந்தால் எண்ணிவிடலாம். மூன்றாவது, விலகிப் போகிறவர்கள். நான்காவது, வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டனாக எடுக்கப்படுபவர்கள். இந்த நான்காவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக்கு நிகரமாக 12 விமானம் என்றால் 60 கேப்டன் இடம். ஓய்வில் 15, விலகலில் 10. மொத்தம் 85. உங்களுக்கு முன்னால் 240 ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் இருந்தால் 240 ÷ 85, அதாவது சுமார் 2.8 ஆண்டு. அதே நிறுவனம் ஆண்டுக்கு 25 பேரை வெளியிலிருந்து கேப்டனாக எடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது 60; காத்திருப்பு 4 ஆண்டாகிவிடும்.

இடம் காலியாக இருந்தாலும் டிரெய்னிங் தடுக்கலாம். கமாண்ட் அப்கிரேடுக்கு சிமுலேட்டர் ஸ்லாட்டும் லைன் டிரெய்னர்களும் வேண்டும். புது ஃபர்ஸ்ட் ஆபீசர்களை வேகமாகச் சேர்க்கும் நிறுவனத்தில் அந்த டிரெய்னர்கள் முழுவதும் அவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்கிரேட் பேட்ச் தள்ளிப்போகும். எனவே கேட்க வேண்டிய கேள்வி: "கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் அப்கிரேட் கோர்ஸ் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்?" இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்கி இருக்க வேண்டும். முடித்தவர்கள் மிகக் குறைவு என்றால், அங்கே கோர்ஸிலேயே பலர் விழுகிறார்கள் அல்லது பாதியில் தேங்குகிறார்கள்.

சீனியாரிட்டி

சீனியாரிட்டி பட்டியல் கறாராக இருக்கும் நிறுவனத்தில், 15 ஆண்டு கேப்டனாக இருந்தவரும் கடைசி எண்ணில்தான் சேர்வார். வலது இருக்கைக்கே (ஃபர்ஸ்ட் ஆபீசர் இடத்துக்கே) திரும்ப வேண்டியிருக்கலாம். பேஸ் (பணி தொடங்கும் ஊர்), விடுமுறை, ரோஸ்டர் (மாதப் பணி அட்டவணை) விருப்பம், விமான வகை எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தவை. தொழில் சரிந்தால் ஆட்குறைப்பு அடியிலிருந்துதான் மேலே வரும். நல்ல காலத்தில் 200 எண் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2020 போன்ற ஓர் ஆண்டில் அதுவே வேலை இருப்பதற்கும் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதனாலேயே, மாறுவது என்று முடிவாகிவிட்டால் தாமதிக்கக் கூடாது. ஒரு பேட்ச் முன்னால் சேர்வது, சம்பளத்தில் சிறிது கூட்டிக் கேட்டுப் பேரம் பேசுவதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. ஒரே நாளில் சேர்பவர்களுக்குள் வரிசை எப்படி (வயதா, முந்தைய மணிகளா, குலுக்கலா) என்பதையும் கேட்டு வையுங்கள்.

நிறுவனம் நிற்குமா?

பான் ஆம் 1991 டிசம்பர் 4 அன்று பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. என்ஜின் கிடைக்காமல் அதன் ஏ320நியோ விமானங்களில் ஏறக்குறைய பாதி தரையில் நின்றுகொண்டிருந்தது. பெரிய பெயர் என்பது பாதுகாப்பு அல்ல.

வெளியிலிருந்தே தெரியும் அறிகுறிகள் உண்டு. சம்பளம் பகுதி பகுதியாக வருவது. வருங்கால வைப்பு நிதி கட்டத் தாமதம். ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்துவது வழக்கமாகிவிடுவது. விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் அதைப் பதிவு நீக்கக் கோருவது. இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் சம்பள உயர்வை மறந்துவிடுங்கள். பறக்க விமானம் இல்லையென்றால் மணிக்கணக்குச் சம்பளமும் இல்லை. மிஞ்சுவது ஒப்பந்தத்தில் உள்ள உத்தரவாத மணி மட்டுமே. அது 40 மணியா, 70 மணியா என்பதைக் கடிதத்தில் பாருங்கள்.

ஒப்பந்தத்தை விட்டு ரோஸ்டரைப் பாருங்கள்

அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், உங்கள் பதவி, உங்கள் பேஸ், தொடர்ச்சியாக மூன்று மாத ரோஸ்டரைப் பெறுங்கள். வெளியிட்ட ரோஸ்டரோடு உண்மையில் பறந்ததும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும்.

ஒரு எளிய அளவு: மாதத்தில் சம்பளம் கிடைத்த மணியை டியூட்டி நாட்களால் வகுங்கள். 18 நாளில் 75 மணி என்றால் நாளுக்கு 4.2. 22 நாளில் 80 மணி என்றால் 3.6. இரண்டாவது நிறுவனம் கூடுதலாக 5 மணிக்குப் பணம் தந்து, நான்கு நாட்களை எடுத்துக்கொள்கிறது. ஸ்டாண்ட்பை (அழைப்புக்குக் காத்திருக்கும்) நாளுக்கு எத்தனை மணி சேரும், பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போவதற்கு முழு விகிதமா பாதியா, பிளாக் நேரம் (விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து வந்து நிற்கும் வரை) உண்மையில் ஆனதா அட்டவணைப்படியா என்பதெல்லாம் இந்த எண்ணில் தானாகவே வந்துவிடும்.

ஐரோப்பிய விதியில் பறக்கும் நேரம் 28 நாளில் 100 மணி, காலண்டர் ஆண்டில் 900 மணி என்பது உச்சவரம்பு. அமெரிக்காவில் 365 நாளில் 1,000. ரோஸ்டர் எப்போதும் உச்சவரம்பை ஒட்டியே இருந்தால் அந்த நிறுவனத்தில் ஆள் பற்றாக்குறை என்று பொருள். ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அது அப்கிரேட் வாய்ப்பு. ஏற்கெனவே கேப்டனாக இருப்பவருக்கு வெறும் களைப்பு.

பேஸ் வேறு ஊராக இருந்து, வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நினைத்தால், முதல் சைன்-ஆன் (பணிக்கு ஆஜராகும் நேரம்) காலை 5 மணிக்கு இருக்கும் நாட்களை எண்ணுங்கள். முந்தின நாளே போய்ச் சேர வேண்டும் என்பதால் அத்தனை இரவும் ஓய்வு நாளிலிருந்து கழிகிறது.

பாண்ட், நோட்டீஸ்

பழைய பாண்டில் (இத்தனை காலம் வேலை செய்வேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்ற டிரெய்னிங் ஒப்பந்தம்) மூன்று இடங்களைப் படியுங்கள். எந்த நாளிலிருந்து ஓடுகிறது: டிரெய்னிங் தொடங்கிய நாளா, லைனுக்கு ரிலீஸ் ஆன நாளா? இதிலேயே ஆறு மாதம் வித்தியாசம் வரும். மாதந்தோறும் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத் தொகையா? 36 மாத பாண்டில் 14 மாதம் பாக்கி என்றால், குறையும் வகையில் 36-ல் 14 பங்கு. குறையாத வகையில் முழுவதும். மூன்றாவது, நிறுவனமே அனுப்பினாலும் கட்ட வேண்டுமா?

"உங்கள் பாண்டை நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று புதிய நிறுவனம் சொன்னால், அந்தத் தொகை உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பதிலாகப் புதிய பாண்ட் ஒன்று வரும். அங்கே முதல் சிமுலேட்டர் செக்கில் தோற்று வெளியேறினால் அது யார் தலையில்? இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

நோட்டீஸ் காலம் சில நாடுகளில் அரசு விதி. இந்தியாவில் 2017-ல் கேப்டன்களுக்கு ஓராண்டாக ஆக்கினார்கள்; ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். புதிய நிறுவனம் அவ்வளவு காலம் காத்திருக்குமா, அதுவரை உங்கள் பேட்ச் இடம் நிற்குமா என்பது ஆஃபர் கடிதத்தில் இருக்க வேண்டும்.

வரிசை மாறினால் வேலை போகும்

ராஜினாமா கடைசியில்தான். அதற்கு முன் சிமுலேட்டர் தேர்வு, புதிய நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சரிபார்ப்பு, நிபந்தனை இல்லாத ஆஃபர், எழுத்தில் சேரும் தேதி என எல்லாம் முடிந்திருக்க வேண்டும். "மருத்துவத் தகுதிக்கு உட்பட்டு" என்ற வரி கடிதத்தில் இருக்கும் வரை அது ஆஃபரே அல்ல.

சிமுலேட்டர் தேர்வில் பெரும்பாலும் ஆட்டோபைலட்டும் ஃபிளைட் டைரக்டரும் (திரையில் வழிகாட்டும் கருவி) இல்லாமல் ஐஎல்எஸ் (ரேடியோ சமிக்ஞை வழி இறங்குதல்), வி1 (டேக்-ஆஃபை நிறுத்த முடியாத வேகம்) தாண்டியதும் என்ஜின் செயலிழப்பு, கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறுதல்), ஹோல்டிங் (காத்திருந்து வட்டமிடுதல்) ஆகியவை வரும். ஆட்டோ திரஸ்ட்டோடு (என்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் கருவி) ஆண்டுக்கணக்கில் பறந்தவருக்குக் கை மறந்திருக்கும். உங்கள் விமானத்தின் பிட்ச் (மூக்கின் கோணம்), திரஸ்ட் எண்களை ஒவ்வொரு ஃபிளாப் நிலைக்கும் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். மூன்று டிகிரி இறக்கத்துக்கு, தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்கு வேகம்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி, பின்காற்றில் 160 ஆனால் 800. கிளைட்ஸ்லோப் (இறங்கு பாதையைக் காட்டும் குறி) நகர்ந்த பிறகு துரத்துவதைவிட இந்த எண்ணில் நின்று சிறிது சிறிதாகத் திருத்துபவரைத்தான் தேர்வாளர்கள் தேடுகிறார்கள்.

லாக்புக்கை (பறந்த மணிகளின் பதிவேடு) முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். பிளாக் நேரத்தையும் காற்றிலிருந்த நேரத்தையும் கலந்து எழுதியது, மேற்பார்வையில் கேப்டனாகப் பறந்த மணிகளை முழுக் கேப்டன் மணியாகச் சேர்த்தது, இந்த இரண்டும் சரிபார்ப்பில் மாட்டும். தவறு கணக்கில்தான் என்றாலும், அது பொய்யாகவே வாசிக்கப்படும்.

பழைய நிறுவனம் தர வேண்டிய காகிதங்கள்: சான்றளித்த மணி விவரம், கடைசி ப்ரொஃபிஷியன்சி செக் (திறன் சோதனை) படிவங்கள், டிரெய்னிங் பதிவுகள், விபத்து-சம்பவம் இல்லாச் சான்று. இவற்றில் பணியில் இருக்கும்போதே கேட்டு வாங்கக்கூடியதை நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ராஜினாமாவுக்குப் பிறகு இதே காகிதம் வாரக்கணக்கில் இழுக்கும். வேறு நாடு என்றால் ஆங்கிலத் தகுதியையும் பாருங்கள். நான்காம் நிலைக்கு 3 ஆண்டும் ஐந்தாம் நிலைக்கு 6 ஆண்டும் மறுதேர்வுக்கு ஐகாவோ பரிந்துரைக்கும் காலம்.

இடைவெளி இன்னொரு ஆபத்து. 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் என்ற ரீசன்ஸி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் செக், இரண்டும் பேட்ச் தேதி தள்ளிப்போனால் காலாவதியாகும். நோட்டீஸ் காலத்துக்குள் செக் வருமானால் அதை முடித்துக்கொண்டே வெளியேறுங்கள். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீடாக இருந்தால் கடைசி வேலை நாளோடு முடியும்; புதியது தகுதிகாண் காலம் கழித்துத்தான் தொடங்கலாம். இடைப்பட்ட மாதங்களுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விமான வகை அதே ஏ320 ஆக இருந்தாலும் எஸ்ஓபி (நிறுவனத்தின் செயல்முறை விதி) வேறாக இருக்கும்: கால்-அவுட் (விமானிகள் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லும்) சொற்கள், எரிபொருள் கொள்கை, யார் எப்போது எந்த செக்லிஸ்ட் கேட்பது. அழுத்தம் ஏறும்போது வாயில் பழைய கால்-அவுட்தான் வரும். புதிய கையேடு கிடைத்த நாளிலிருந்து பழையதைத் திறக்காதீர்கள். கோ-அரவுண்டையும் ரிஜெக்டெட் டேக்-ஆஃபையும் (பாதியில் கைவிடும் டேக்-ஆஃப்) சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

நோட்டீஸ் கொடுத்ததும் பழைய நிறுவனம் கூப்பிட்டு "ஆறு மாதத்தில் அப்கிரேட்" என்று சொன்னால், கோர்ஸ் தொடங்கும் தேதியை எழுத்தில் கேளுங்கள். தேதி வந்தால் பத்தாண்டுக் கணக்கில் அந்த எண்ணைப் போட்டு மறுபடி பாருங்கள். தேதி தராமல் வாக்குறுதி மட்டும் தந்தால், கணக்கில் எந்த எண்ணும் மாறவில்லை.