மலைக்கிராம மினி கிரிட்: பணம் திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நீலகிரியில் கூடலூர் பக்கம் காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றுக்கு சோலார் மினி கிரிட் (ஊருக்குள்ளேயே மின்சாரம் எடுத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கொடுக்கும் சிறு அமைப்பு) போடப் பணம் கேட்கிறார்கள். திட்ட அறிக்கையை அழகாகத் தயாரித்திருந்தார்கள். செலவுப் பட்டியல் வந்ததும் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. "பேட்டரி கொள்முதல்: மார்ச்." என் முதல் திட்டத்தில் நானும் இதையேதான் எழுதினேன்.

இந்த மலைத் தண்ணீரில் 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு மாயாறு, குந்தா. அந்த மின்கம்பி தலைக்கு மேலே போகும் சரிவிலேயே மண்ணெண்ணெய் விளக்கில் குழந்தைகள் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அவர்கள் கையில் வரும் பணம் வீணாகக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன். நிழலில் பேனல் வைப்பது, எர்த் போடாமல் விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எலக்ட்ரீஷியன் எவரும் அதைச் சொல்லிவிடுவார்.

மார்ச் 31-க்காக பேட்டரி வாங்குவது

அந்த முதல் திட்டத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனம் ஜனவரி கடைசியில்தான் கையெழுத்துப் போட்டது. நிதியாண்டு முடிவதற்குள் மொத்தமும் செலவாகி, யூசி (பணம் செலவானதற்கான சான்றிதழ்) கைக்கு வரவேண்டும் என்றார்கள். இரண்டு மாதத்தில் எதைச் செலவழிக்க முடியும்? கம்பம் நட அனுமதி வரவில்லை. பேட்டரி வைக்கும் அறைக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை. கடையில் பணத்தைக் கொடுத்தால் உடனே கிடைப்பது பேனலும் பேட்டரியும்தான். வாங்கினோம். 2 வோல்ட் செல் 24. சேர்த்தால் 48 வோல்ட், 300 ஆம்பியர் ஹவர். கூடலூரில் ஒரு குடோனில் அடுக்கிப் பூட்டிவிட்டு, கணக்கை முடித்துக் கொடுத்தோம். எல்லோருக்கும் திருப்தி.

ஏப்ரலில் அனுமதி வரவில்லை. மே கடைசியில் வந்தது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜீப் போகும் பாதைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதைதான். ஒரு செல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வழுக்குப் பாறையில் யாரை இறங்கச் சொல்வது? அக்டோபரில்தான் மேலே கொண்டுபோனோம்.

எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, உதவிக்கு வந்த பையன் மீட்டரை வைத்துப் பார்த்தான். "நாற்பத்தெட்டு காட்டுதுண்ணே, சரியா இருக்கு" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது. முழு சார்ஜில் இருக்கும் செல் ஒவ்வொன்றும் 2.08 வோல்ட் காட்டவேண்டும்; 24-க்கும் சேர்த்து கிட்டத்தட்ட 50. பேட்டரியின் பெயரில் 48 என்று இருப்பதால், மீட்டரில் 48 வந்தால் சரி என்று தோன்றும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். சார்ஜ் இறங்கினால் அடர்த்தியும் இறங்கும். 1.240 இருக்கவேண்டிய இடத்தில் 1.150. சில செல்களில் அதற்கும் கீழே.

நடந்தது இதுதான். நாங்கள் வாங்கியது ஈயத் தகடும் அமிலமும் உள்ள லெட் ஆசிட் பேட்டரி. அது சும்மா இருந்தாலும் தன்னாலேயே சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அதன்பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும். நாங்கள் ஏழு மாதம் தொடவே இல்லை. மெதுவான சார்ஜில் நாள்கணக்காகப் போட்டும் 15 செல்தான் தேறின. ஒன்பது போய்விட்டன. வரிசையில் கோத்த செல்களில் பலவீனமான ஒன்று மொத்தத்தையும் கீழே இழுக்கும் என்பதால் ஒன்பதையும் மாற்றியே ஆகவேண்டும். வாரண்டி கேட்டால், கடைக்காரர் இன்வாய்ஸ் தேதியைக் காட்டினார். எங்கள் வாரண்டியில் ஏழு மாதம் குடோனிலேயே கழிந்திருந்தது. வெறுமனே வைத்துக் கெட்டதற்கு மாற்றித் தரமுடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை.

22 வீட்டுக்கு நாளுக்கு ஏழு யூனிட் தருவதாக அந்த மக்களிடம் சொல்லியிருந்தோம். முதல் ராத்திரி ஒன்பது மணிக்கே விளக்கு அணைந்தது. ஒரு பாட்டி ஒன்றும் சொல்லாமல், ஓரமாக வைத்திருந்த மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து ஏற்றினார்.

அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது, ஆனாலும் அதே தவறு நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2021 ஜனவரியில் சி.எஸ்.ஆர். (நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) விதிகள் திருத்தப்பட்டன. பல ஆண்டு நடக்கும் திட்டம் என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு முன்பே முடிவு செய்திருந்தால், செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். மார்ச் அவசரத்துக்குச் சட்டம் காரணமே இல்லை. அதனால் பணம் கொடுப்பவரிடம் உட்காரும் முதல் நாளே, "இதைத் தொடர் திட்டமாகத் தீர்மானத்தில் போடுங்கள்" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். மார்ச்சுக்குள் ஏதாவது காட்டியே ஆகவேண்டும் என்றால் கம்பம், கம்பி, பேனல் வாங்குங்கள். பேட்டரிக்கு முன்பணம் மட்டும் கொடுத்து, அறை தயாரான பிறகு சப்ளை, வாரண்டி சப்ளை தேதியிலிருந்து என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள்.

"நாங்க லித்தியம் போடறோம்ணே, அதுக்கு இந்தப் பிரச்சினை இல்லையே" என்றார் வந்தவர்களில் ஒருவர். லித்தியத்தில் சார்ஜ் இறங்குவது குறைவு, உண்மை. ஆனால் பேட்டரியைக் கண்காணித்துக் காக்க உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் அளவுக்கு மீறி இறங்கி, பேட்டரி எழுந்திருக்காமலே போகலாம். வாரண்டி அதற்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வெயிலை வருட சராசரியில் கணக்கிடுவது

ஜூலையில் கூடலூரில் நாள்கணக்காகச் சூரியனைப் பார்க்க முடியாது. கோத்தகிரிச் சரிவுகளுக்கும் பழனி மலைக்கும் முக்கிய மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ஒரு மலையின் கணக்கை இன்னொரு மலைக்குத் தூக்கிப்போகாதீர்கள். மோசமான மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பக்கத்தில் ஓடை இருந்தால் அதையும் பாருங்கள். விநாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் விழுந்தால், பாதி இழப்பில் போனாலும் ஒரு கிலோவாட் கிடைக்கும். வெயில் இல்லாத மாதத்தில்தான் ஓடையில் தண்ணீர் அதிகம்.

மாதம் நூறு ரூபாய் என்று எழுதிவிடுவது

22 வீடு, வீட்டுக்கு மாதக் கட்டணம் நூறு, ஐந்து வருடம்: 1,32,000 ரூபாய். அறிக்கையில் பார்க்க நன்றாக இருக்கும். இன்வெர்ட்டர் இரண்டு முறை பழுதானால், டிஸ்டில்ட் வாட்டரும் பராமரிப்பவர் கூலியும் போக, பேட்டரி மாற்ற அதில் என்ன மிஞ்சும்? எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்று 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த சௌபாக்யா திட்டத்தில் தொலைதூர வீடுகளுக்குக் கொடுத்த சோலார் பெட்டிக்கே ஐந்து வருடப் பராமரிப்பைச் சேர்த்துத்தான் விலை வைத்தார்கள். நீங்களும் அதைத் திட்டச் செலவிலேயே கேளுங்கள்.

அப்புறம், மாதாமாதம் என்பதே இங்கே சரிப்படாது. காபிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் கையில் காசு இருக்கும். ஜூலை மழையில் கூலி வேலையே இருக்காது. அந்த மாதத்தில் போய் ரசீது நீட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த மாதம் எவ்வளவு என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

மின்வாரியக் கம்பி வருமா என்று கேட்காமல் விடுவது

தமிழ்நாட்டில் 2016-ல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆனது. வாரியக் கம்பி வந்துவிட்டால் உங்கள் மினி கிரிட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பீகாரில் தர்னை கிராமத்தில் 2014-ல் 100 கிலோவாட் சோலார் மினி கிரிட் போட்டார்கள். நாடே பேசியது. பின்னாலேயே அரசு மின்சாரம் வந்தது. மக்கள் அதற்கு மாறிவிட்டார்கள், சோலார் நிலையம் பராமரிப்பில்லாமல் போனது. வாரியத்தின் உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வரும் என்று பதில் வந்தால், வீடு வீடாகத் தனி சோலார் போதும்.

கிராம சபையைக் கடைசியில் வைப்பது

2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ல் மின்கம்பிக்கும் மரபுசாரா எரிசக்திக்கும் வன நிலம் கேட்க இடம் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதை முதலில் வாங்குங்கள்.

சொத்து யார் பெயரில்?

சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கியதைக் கொடுத்த நிறுவனமே வைத்துக்கொள்ள விதி இல்லை. பயனாளிகளின் சுயஉதவிக் குழு பெயரில் எழுதலாம். எழுதுங்கள்.

யானை

கம்பம் நடும் இடத்தை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்துக் குறியுங்கள். யானை எந்த வழியாக வரும், எங்கே உடம்பு உரசும் என்று அவர்களுக்குத் தெரியும்.